வாசலிலிருந்து மேசை வரை: தலைமை அலுவலகங்களைப் பார்க்கப் போன பயணம்

திங்கள், நியூயார்க்

கிழக்கு 42-ஆவது தெருவில், ஐ.நா. சபைக்குப் போகிற வழியில் ஃபோர்டு அறக்கட்டளையின் தலைமை அலுவலகம் இருக்கிறது. கண்ணாடியும் துருநிற இரும்பும் கிரானைட்டுமாகத் தெருவை ஒட்டி நிற்கும் கட்டடம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் கண்ணில் பட்டது மரங்கள்தான். தலைக்கு மேலே ஏறக்குறைய ஐம்பது மீட்டர் உயரத்துக்கு வெட்டவெளி, அதற்கும் மேலே கண்ணாடிக் கூரை. அடியில் மூன்றில் ஒரு பங்கு ஏக்கர் தோட்டம். நம் கணக்கில் ஆறு கிரவுண்டு. மன்ஹாட்டனின் நடுவில் ஆறு கிரவுண்டை மரங்களுக்குக் கொடுத்துவிட்டு, மீதி இடத்தில் அலுவலகத்தைக் கட்டியிருக்கிறார்கள்.

இந்தப் பயணம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். சென்னையில் அலுவலகக் கட்டடங்களுக்குப் பிளான் போடுவது என் தொழில். ஒரு நிறுவனம் தன் தலைமை அலுவலகத்தைப் புதிதாகக் கட்டப்போகிறது. மூவாயிரம் பேர் வேலை செய்யும் இடம். முதல் கூட்டத்திலேயே அவர்கள் கேட்டது, எல்லாக் குழுக்களும் கலந்து பழக வேண்டும், ஒரு சமூகம் மாதிரி இருக்க வேண்டும் என்பது. எல்லோரும் கேட்பதுதான். பெரும்பாலும் மாடிக்கு ஒரு மூலையில் கலர் சோபாவும் டேபிள் டென்னிஸ் மேசையும் போட்டுக் கணக்கை முடித்துவிடுகிறோம். சென்னை ஐடி பூங்காக்களில் ஒரு குழுவும் இன்னொரு குழுவும் மனம்விட்டுப் பேசிக்கொள்வது கேட்டுக்கு வெளியே இருக்கும் டீக்கடையில்தான். அந்தப் பேச்சைக் கட்டடத்துக்குள் கொண்டுவருவது எப்படி? அறுபது எழுபது வருடங்களாக இதற்காகவே மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் கட்டியதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

ஃபோர்டு கட்டடம் 1967-இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் கெவின் ரோச். டப்ளினில் பிறந்து அமெரிக்கா வந்தவர். ஈரோ சாரினென் என்ற பெரிய கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 1961-இல் சாரினென் ஐம்பத்தோரு வயதிலேயே இறந்துபோக, பாதியில் நின்ற வேலைகளை ரோச்சும் ஜான் டிங்கலூவும் எடுத்து முடித்தார்கள். இந்த வாரம் நான் பார்க்கப்போகும் கட்டடங்களில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இந்தக் குருவின் கையோ சீடரின் கையோ இருக்கிறது.

பன்னிரண்டு மாடி அலுவலகம் தோட்டத்தை 'எல்' வடிவில் இரண்டு பக்கம் அணைத்துக்கொண்டு நிற்கிறது. தோட்டத்தைப் பார்த்த பக்கமெல்லாம் கண்ணாடி. ஆறாவது மாடியில் ஒருவர் போனில் பேசியபடி நடக்கிறார், எதிர்ப்பக்கம் எட்டாவது மாடியில் இரண்டு பேர் ஒரு காகிதத்தின் மேல் குனிந்திருக்கிறார்கள், இரண்டும் ஒரே பார்வையில் விழுகின்றன. இங்கே வேலை செய்கிறவர்கள் ஒருவர் இருப்பதை ஒருவர் உணர வேண்டும் என்பதுதான் ரோச்சின் எண்ணம். தோட்டத்தை வடிவமைத்தவர் டான் கைலி. 43-ஆவது தெருவிலிருந்து 42-ஆவது தெருவுக்கு நிலம் சரிவதால், தோட்டமும் படிப்படியாக இறங்கி ஒரு சிறு குளத்தில் முடிகிறது.

2018-இல் புதுப்பித்தபோது தனி அறைகளில் பலவற்றை எடுத்துவிட்டார்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களும் தோட்டத்துக்குள் வர வழி செய்தார்கள். பார்வையற்றவர்கள் தொட்டும் முகர்ந்தும் அறியும்படி தனியாக ஒரு பகுதியில் செடிகள் வைத்திருக்கிறார்கள். தெருவில் போகிற யாரும் உள்ளே வந்து உட்காரலாம். நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன், யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மனசுக்குப் பிடித்த கட்டடம். ஆனால் பார்த்துக்கொள்வது ஒன்று, பேசிக்கொள்வது வேறொன்று. எட்டாவது மாடிக்காரரை ஆறாவது மாடிக்காரர் தினமும் பார்க்கலாம், ஒரு வார்த்தை பேசாமலே வருடங்களும் ஓடலாம். இந்தக் கேள்வியோடுதான் எடிசனுக்கு ரயில் ஏறினேன்.

செவ்வாய், ஹோம்டெல், நியூ ஜெர்சி

எடிசனில் சித்தப்பா மகன் வீடு. காலையில் அவனே காரை எடுத்தான். கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் தெற்கே இறங்கினால் ஹோம்டெல். ஊருக்குள் திரும்பியதும் மரங்களுக்கு மேலே மூன்று கால்களோடு வெள்ளையாக ஒரு தண்ணீர்த் தொட்டி எழுந்து நின்றது. பார்த்ததும் புரிந்துவிட்டது: டிரான்சிஸ்டர் என்ற மூன்று கால் மின்னணுப் பாகத்தைப் பூதாகரமாக வளர்த்து நிறுத்தியிருக்கிறார்கள். டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த, ஏடிஅண்ட்டி தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வக வளாகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர்ப்பலகை வேண்டாம்.

1962-இல் திறந்த கட்டடம். சாரினென் வரைந்தது, அவர் உயிரோடு இருந்து பார்க்காதது. 472 ஏக்கர் நிலத்தின் நடுவில் ஒரு நீளமான கண்ணாடிப் பெட்டி. கட்டடம் முழுக்க எதிரொளிக்கும் கண்ணாடி போர்த்துவது அப்போது புதுசு. முதலில் கட்டியதைப் பின்னால் இரண்டு பக்கமும் நீட்டி நீட்டி இருபது லட்சம் சதுர அடிக்குக் கொண்டுபோனார்கள். உச்சத்தில் ஆறாயிரம் பேர் வேலை பார்த்தார்கள். லேசர் ஒளியால் அணுக்களைக் குளிர்வித்து நோபல் பரிசு பெற்ற ஸ்டீவன் சூ அந்த ஆய்வைச் செய்தது ஹோம்டெல்லில்தான்.

பிளானை விரித்து வைத்துக்கொண்டு நான் அதிக நேரம் செலவழித்தது இங்கேதான். காரணம், சாரினென் இதில் ஒரு துணிச்சலான காரியம் செய்திருக்கிறார். சாதாரணமாக அலுவலகம் என்றால் நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் அறைகள், ஜன்னல் அறைக்குள் இருப்பவருக்கு. இவர் அதைத் தலைகீழாக்கினார். அறைகளையும் ஆய்வகங்களையும் முதுகோடு முதுகாக நடுவில் தள்ளிவிட்டு, நடைபாதைகளைக் கண்ணாடிச் சுவர் ஓரத்துக்குக் கொண்டுபோனார். உள்பக்கத்தில் உயரமான முற்றத்தைச் சுற்றிப் பால்கனிகள். அறையில் ஜன்னலே கிடையாது. கதவைத் திறந்து வெளியே வந்தால்தான் வெளிச்சம், மரம், வானம், மனித முகம் எல்லாம். யார் எங்கே போனாலும் மற்ற எல்லோரும் நடக்கிற அதே ஓரத்தில்தான் நடந்தாக வேண்டும்.

நான்காவது மாடி பால்கனியில் நின்று கீழே பார்த்தேன். முற்றத்தின் நீளம் கால் மைல், நானூறு மீட்டர். கைப்பிடி என் இடுப்புக்குச் சற்று மேலே வந்தது, இரண்டு முழங்கைகளையும் ஊன்றி நிற்க வாகான உயரம். எதிர்ப்பக்கம் வருகிறவரைக் கையசைத்துக் கூப்பிட முடியும், ஆனால் நின்று பேச அவர் ஒரு சுற்று சுற்றி வரவேண்டும். நடைபாதை அகலமாகத்தான் இருக்கிறது. இரண்டு பேர் நின்று பேசினாலும் மூன்றாவது ஆள் இடிக்காமல் போகலாம். சின்ன விஷயமாகத் தோன்றும். இடமில்லாத நடைபாதையில் யாரும் நின்று பேசுவதில்லை, தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். என் பிளான்களில் தீயணைப்பு விதி கேட்கும் குறைந்தபட்ச அகலத்துக்கு மேல் ஓர் அங்குலம் வாங்குவதற்கு நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

இருந்தாலும் ஆயிரக்கணக்கான பேரை வருடக்கணக்காக ஜன்னல் இல்லாத அறைக்குள் உட்கார வைத்ததை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. வழியில் இருக்கும் பத்து நிமிடத்துக்கு வெளிச்சம், வேலை செய்யும் எட்டு மணி நேரத்துக்கு டியூப்லைட் என்பது அதிகமான விலை. வழியை நல்ல இடத்தில் வைக்க வேண்டும் என்ற பாடத்தை எடுத்துக்கொள்கிறேன், அறையை இருட்டாக்கியதை விட்டுவிடுகிறேன்.

இன்னொரு குறையும் உண்டு. 472 ஏக்கருக்கு நடுவே தனியாக நின்ற கட்டடம் இது. ஊர்க்காரர்களுக்கு உள்ளே வேலை கிடையாது, உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே நடந்துபோக ஒரு கடை கிடையாது. ஏடிஅண்ட்டி 1984-இல் உடைந்தது, 1996-இல் ஆய்வகம் அதிலிருந்து பிரிந்த லூசென்ட் நிறுவனத்தின் கைக்குப் போனது, அப்புறம் அல்காடெல் என்ற பிரெஞ்சு நிறுவனம் வந்து சேர்ந்தது. 2007-இல் கட்டடம் காலியானது. இடித்துவிட்டு வேறு கட்டலாம் என்றும் பேச்சு வந்தது, விஞ்ஞானிகளும் கட்டடக் கலைஞர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். கடைசியில் 2013-இல் ரால்ஃப் ஸக்கர் என்பவரின் நிறுவனம் 2.7 கோடி டாலருக்கு வாங்கியது. அலெக்சாண்டர் கோர்லின் என்ற கட்டடக் கலைஞரை வைத்துப் பழுது பார்த்து, தரைத்தளத்தை ஊருக்குத் திறந்துவிட்டார்கள். இப்போது பெயர் பெல் வொர்க்ஸ்.

உள்ளே நுழைந்ததும் என் தம்பி கேட்டான், "அண்ணா, இது ஆபீஸா, மாலா?"

கேள்வி சரியானதுதான். முற்றத்தில் ஒரு பக்கம் காப்பிக் கடை, சாப்பாட்டுக் கடைகள். கொஞ்சம் தள்ளி ஊர்ப் பொது நூலகத்தின் கிளை. தரையைப் பள்ளமாக இறக்கி, சுற்றிலும் மெத்தை இருக்கை போட்ட ஒரு வட்டத்தில் கழுத்தில் பேட்ஜ் தொங்கும் மூன்று பேர் லேப்டாப்போடு வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி ஒரு குழந்தை ஓட, பின்னாலேயே பாட்டி ஓடினார். மேலே கண்ணாடிக் கூரையில் சூரிய மின் தகடுகள் கண்ணாடியோடு கண்ணாடியாகப் பதிந்திருக்கின்றன. மேல் மாடிகளில் வேறு வேறு நிறுவனங்களின் அலுவலகங்கள். ஒரே கம்பெனியின் ஆறாயிரம் பேர் இருந்த இடத்தில், ஒருவரை ஒருவர் அறியாத பல கம்பெனிக்காரர்கள் ஒரே முற்றத்தில் இறங்கிச் சாப்பிடுகிறார்கள்.

தம்பி அங்கேயே உட்கார்ந்து தன் வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டான். "எங்க ஆபீசுக்கு வாரம் மூணு நாள் வரச் சொல்றாங்க. போனா எல்லாரும் ஹெட்போன் மாட்டிக்கிட்டு மீட்டிங்ல இருக்காங்க. பக்கத்து சீட்டுக்காரன்கூடவும் ஸ்க்ரீன்லதான் பேசறேன். இந்த மாதிரி ஒரு இடம் கீழ இருந்தா நானே நாலாவது நாளும் போவேண்ணா." அவன் நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அவன் சொன்னதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

புதன், நெவார்க் விமான நிலையம்

சிகாகோ விமானம் தாமதம். ஹோம்டெல்லுக்கு அண்ணன் முறையான மரே ஹில் ஆய்வகத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதிவிடுகிறேன். இதே நியூ ஜெர்சியில் 1941-இல் திறந்தது. 1947 டிசம்பரில் டிரான்சிஸ்டர் பிறந்தது அங்கேதான். பெல் ஆய்வகத்தை நடத்திய மெர்வின் கெல்லி, இயற்பியல்காரர், வேதியியல்காரர், பொறியாளர் எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் வைக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். மிக நீளமான நடைபாதைகள். அறையிலிருந்து சாப்பாட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் வேறு துறைக்காரர்கள் நாலு பேரையாவது தாண்டாமல் முடியாது. உள்சுவர்களைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம், ஒரு குழு வளர்ந்தால் அறையும் வளரும்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் ஆலன் இதை 1970-களில் அளந்தே காட்டினார். பொறியாளர்களின் மேசைகளுக்கு இடையே தூரம் கூடக்கூட அவர்கள் பேசிக்கொள்வது சரசரவென்று குறைகிறது. ஐம்பது மீட்டர் தாண்டினால் வேறு ஊரில் இருப்பவரோடு பேசுகிற அளவுக்குத்தான் பேச்சு. மாடி மாறினாலும் இதே கதிதான்.

இதற்கு நேர் எதிராக ரோச்சே கட்டிய ஒன்று உண்டு. கனெக்டிகட் மாநிலம் டான்பரியில், 1980-களின் தொடக்கத்தில் யூனியன் கார்பைடுக்குக் கட்டிய தலைமை அலுவலகம். ஊழியர்களை உட்கார வைத்து விசாரித்துவிட்டு, பதவி வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் ஒரே அளவு தனி அறை கொடுத்தார். யாருக்கும் பெரிய அறை இல்லை என்பது இன்றைக்கும் எத்தனையோ நிறுவனங்களுக்கு வராத துணிச்சல். ஆனால் கார் நிறுத்துமிடத்தைக் கட்டடத்தின் நடுவிலேயே பல மாடியாக வைத்தார். உங்கள் மாடியிலேயே காரை நிறுத்திவிட்டுச் சில அடிகளில் அறைக்குப் போய்விடலாம். மழையில் நனைய வேண்டாம், யாரையும் பார்க்கவும் வேண்டாம். போபால் பெயரைச் சுமக்கும் நிறுவனத்தின் கட்டடம் என்பதால் அதைப் போய்ப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. பிளானைப் பார்த்தது போதும். பேஸ்மென்ட் பார்க்கிங்கிலிருந்து லிஃப்ட் நேராக எல்லா மாடிக்கும் போகிற நம் ஊர்க் கட்டடங்கள் எல்லாமே இதே வேலையைத்தான் செய்கின்றன.

வியாழன், மோலின், இலினாய்

சிகாகோவிலிருந்து மேற்கே காரில் மூன்று மணி நேரம். அக்டோபர் அறுவடை. இருபுறமும் காய்ந்த மக்காச்சோள வயல்களில் பச்சை நிற அறுவடை இயந்திரங்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போகின்றன. அந்தப் பச்சை இயந்திரங்களைச் செய்யும் ஜான் டீர் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

1957-இல் நிறுவனத் தலைவர் வில்லியம் ஹெவிட் சாரினெனைப் பிடித்தார். உழவர்களோடு தொழில் செய்கிற கம்பெனி, பகட்டு கூடாது, இரும்பு தெரிய வேண்டும். சாரினென் தேர்ந்தெடுத்தது கார்-டென் என்ற எஃகு. வெயிலிலும் மழையிலும் மேலே துரு பிடிக்கும், அந்தத் துருவே உள்ளே இருக்கும் இரும்பைக் காக்கும். அதுவரை கட்டடத்துக்கு அதை யாரும் இப்படிப் பயன்படுத்தியதில்லை. 1964-இல் திறந்தார்கள். 1,400 ஏக்கர் வளாகம். ஒரு பள்ளத்தாக்குக்குக் குறுக்கே கட்டடம் நிற்கிறது. இரண்டு பக்கமும் மேட்டிலிருந்து மூடிய பாலங்கள் நான்காவது மாடியில் வந்து சேர்கின்றன. கீழே குளம், நடுவில் சின்னத் தீவில் ஹென்றி மூரின் சிற்பம்.

எனக்குப் பிடித்த பகுதி, பாலத்தின் ஒரு முனையில் இருக்கும் காட்சிக்கூடம். டிராக்டர்களும் அறுவடை இயந்திரங்களும் கண்ணாடி வழியே கட்டடத்தின் முகம்போலத் தெரியும்படி நிற்கின்றன. ஒரு சுவர் முழுக்க, 180 அடி நீளத்துக்கு, அலெக்சாண்டர் ஜிரார்டு செய்த படைப்பு: பழைய கலப்பை முனைகள், விளம்பரத் தாள்கள், கைக்கருவிகள், குதிரைச் சேணத்தின் பித்தளைகள் என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாமான்களை நெருக்கி அடுக்கி வைத்திருக்கிறார். ஜான் டீர் எஃகுக் கலப்பை செய்த 1837-இல் தொடங்கும் சரித்திரம். கணக்குப் பிரிவில் உட்காருகிறவருக்குத் தாம் எதற்காகக் கணக்குப் போடுகிறோம் என்பது வரும் வழியிலேயே தெரிகிறது. சமூகம் என்றால் பக்கத்தில் உட்காருவது மட்டும் இல்லையே, ஒரே வேலையைச் செய்கிறோம் என்ற நினைப்பும் வேண்டும். மென்பொருள் நிறுவனத்துக்கு எதைக் கண்ணாடிக்குள் வைப்பது என்று வழியெல்லாம் யோசித்தேன், பிடிபடவில்லை.

1978-இல் ரோச் கட்டிச் சேர்த்த மேற்குப் பகுதியில் கூரைக்குக் கீழே ஒரு தோட்டம். ஃபோர்டில் பார்த்ததன் தொடர்ச்சி. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதுவும் ஊருக்கு வெளியே தனித்தீவு. மதியம் பசித்தால் கேன்டீன், இல்லையென்றால் கார். ஊருக்கும் இந்தக் கட்டடத்துக்கும் நடுவே 1,400 ஏக்கர் அழகு கிடக்கிறது.

வெள்ளி, ரசீன், விஸ்கான்சின்

ரோச்சோ சாரினெனோ தொடாத ஒரே கட்டடம் இதுதான். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் எஸ்.சி. ஜான்சன் நிறுவனத்துக்காக 1936-இல் தொடங்கி 1939-இல் முடித்தது. தரைக்குப் போடும் மெழுகு விற்று வளர்ந்த குடும்ப நிறுவனம். நம் வீடுகளில் செருகி வைக்கும் ஆல் அவுட் கொசு விரட்டி இன்று இவர்களுடையதுதான். இலவசமாகச் சுற்றிக் காட்டுகிறார்கள், முன்பே பதிவு செய்தால் போதும்.

காரை விட்டு இறங்கும் இடமே கட்டடத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது. கூரை தாழ்ந்து, வெளிச்சம் மங்கி, நான் கொஞ்சம் குனிந்துகொண்டே நடந்தேன். அப்புறம் ஓர் எட்டு வைத்ததும் கூரை காணாமல் போனது.

அரை ஏக்கர் கூடம். நடுவில் சுவரே இல்லை. தரையில் ஒன்பது அங்குல விட்டத்தில் எழும் தூண்கள் மேலே போகப்போக விரிந்து பதினெட்டு அடி வட்டத் தட்டுகளாக மலர்கின்றன. தட்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளியெல்லாம் வெளிச்சம். கீழே உட்கார்ந்திருப்பவருக்குத் தாமரைக்குளத்தின் அடியிலிருந்து இலைகளை அண்ணாந்து பார்ப்பதுபோல் இருக்கும். இவ்வளவு மெல்லிய தூண் தாங்காது என்று அரசாங்கப் பொறியாளர்கள் அனுமதி மறுக்க, 1937 ஜூனில் ரைட் ஒரு மாதிரித் தூணை நிறுத்தி எல்லோர் முன்னாலும் பாரம் ஏற்றச் சொன்னார். தாங்க வேண்டியது பன்னிரண்டு டன். அறுபது டன் ஏற்றிய பிறகுதான் விழுந்தது.

ஜன்னல் கிடையாது. சுவர் கூரையைச் சேரும் இடங்களில் கண்ணாடிக் குழாய்களை வரிசை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். வளாகம் முழுக்கச் சேர்த்து 43 மைல் நீளக் குழாய். வெளிச்சம் வரும், வெளிக்காட்சி வராது. மழை பெய்தால் ஒழுகும் என்பதும் பேர்போன கதை, கூரையில் இருந்தவற்றைப் பின்னாளில் மாற்ற வேண்டியதாயிற்று. மேசை நாற்காலிகளையும் ரைட்டே வடிவமைத்தார். சுற்றிக் காட்டிய அம்மாள் மேசையின் வளைந்த ஓரத்தைக் காட்டி, நடந்து போகிறவர் இடுப்பில் இடிக்காமல் இருக்க என்று சொன்னார். நான் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். இழுப்பறைகள் முன்னால் இழுப்பதில்லை, ஒரு முனையை அச்சாக வைத்துப் பக்கவாட்டில் சுழன்று வெளியே வருகின்றன. உட்கார்ந்திருப்பவர் பின்னால் தள்ளிப்போக வேண்டாம். ஒரு ஆள் ஒரு நாளில் நூறு முறை செய்கிற அசைவுக்கு இவ்வளவு யோசனை.

திறந்த கூடம் போட்டால் மக்கள் தானாகக் கலந்துவிடுவார்கள் என்று நம்புகிறவர்கள் எல்லோரும் இந்தக் கூடத்தைத்தான் காட்டுவார்கள். இங்கே யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கீழே கூடத்தில் குமாஸ்தாக்களும் தட்டச்சர்களும், பெரும்பாலும் பெண்கள். சுற்றிலும் மாடத்தில் துறைத் தலைவர்கள். அதற்கும் மேலே உச்சி மாடியில் நிர்வாகிகள். கீழே இருப்பவருக்குச் சுவர் இல்லை, மேலே இருப்பவருக்கு அறை உண்டு. ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு வைத்த திறப்பு என்று இதைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

ஹார்வர்டைச் சேர்ந்த ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும் 2018-இல் வெளியிட்ட ஆய்வை என் வாடிக்கையாளர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. இரண்டு பெரிய நிறுவனங்கள் கியூபிக்கிள் தடுப்புகளை எடுத்துவிட்டுத் திறந்த அலுவலகத்துக்கு மாறியபோது ஊழியர்களின் உடம்பில் கருவி மாட்டி அளந்தார்கள். முகம் பார்த்துப் பேசுவது ஏறக்குறைய எழுபது சதவீதம் குறைந்தது, மின்னஞ்சல் கூடியது. எல்லோர் கண்ணும் மேலே இருக்கும்போது மனுஷன் ஹெட்போனைத்தான் தேடுவான். ஹோம்டெல்லில் தம்பி சொன்னதும் இதேதான்.

ஆனாலும் இந்தக் கூடத்தில் நின்றபோது, வேலைக்கு வந்தவர்கள் சாயங்காலம் கிளம்ப மனசில்லாமல் இருந்தார்கள் என்று அந்த அம்மாள் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். குமாஸ்தா வேலை பார்க்கிறவர்களுக்காக இத்தனை அழகான கூடத்தை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. ஆகச் சிறந்த வெளிச்சம் முதலாளியின் அறைக்குப் போகவில்லை, கூடத்துக்கு வந்தது. அந்த மரியாதை கட்டடத்தில் இருக்கிறது. 1917-இலேயே ஊழியர்களுக்கு லாபத்தில் பங்கு கொடுக்கத் தொடங்கிய நிறுவனம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் தூண்கள் மட்டும் என்ன செய்துவிடும்?

பக்கத்தில் 1950-இல் முடிந்த ஆய்வுக் கோபுரம். நடுவில் ஒரே தண்டு, அதிலிருந்து எல்லாத் தளங்களும் கிளையாக நீள்கின்றன. ஒரு தளம் சதுரம், அடுத்தது சிறிய வட்டம், மறுபடி சதுரம். வட்டத் தளத்தின் ஓரத்தில் நின்றால் கீழ்த் தளத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பேசலாம். மாடி மாறினால் பேச்சு அறுந்துபோகும் என்று ஆலன் அளப்பதற்கு இருபது வருடங்களுக்கு முன்பே ரைட் இரண்டிரண்டு மாடியாகத் தைத்துவிட்டார். ரெய்டு பூச்சி மருந்து உருவானது இங்கேதான். ஆனால் ஆள் ஒதுங்கவும் இடமில்லாத ஒற்றை ஒடுக்கப் படிக்கட்டு. 1982-இல் மூடிவிட்டார்கள், 2014-இல் பார்வையாளர்களுக்காக மட்டும் திறந்தார்கள். தீப்பிடித்தால் இறங்க வழி சரியில்லாத கட்டடத்தில் எத்தனை சிநேகம் வளர்ந்து என்ன பயன்.

வளாகத்தில் 2010-இல் நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் கட்டிய ஃபோர்ட்டலேசா கூடமும் இருக்கிறது. 1935-இல் அன்றைய முதலாளி மெழுகுப் பனையைத் தேடி பிரேசிலுக்குப் பறந்த விமானத்தின் மறுபிரதி கண்ணாடிக்குள் தொங்குகிறது. அதை ஒட்டி ஊழியர்களின் சாப்பாட்டுக்கூடம். மோலினில் பார்த்த டிராக்டர்களுக்கு இங்கே இணை விமானம். சாப்பிடப் போகிற வழியில் அது இருப்பதால் தினமும் பார்க்கிறார்கள், எங்கேயோ மூலையில் அருங்காட்சியகம் என்று வைத்திருந்தால் விருந்தாளிகளை மட்டும்தான் அழைத்துப் போவார்கள்.

சாயங்காலம் மிச்சிகன் ஏரிக்கரையில் கிரிங்கில் சாப்பிட்டேன். டென்மார்க்காரர்கள் ரசீனுக்குக் கொண்டுவந்த, வளையம் வளையமான இனிப்பு ரொட்டி. பாதாம் பருப்பு வைத்தது அருமை.

சனி, கொலம்பஸ், இந்தியானா

சிகாகோவிலிருந்து தெற்கே நீண்ட ஓட்டம். ஐம்பதாயிரம் பேர் இருக்கும் சின்ன ஊர். டீசல் இன்ஜின் செய்யும் கம்மின்ஸ் பிறந்த ஊர். கம்மின்ஸை நடத்திய இர்வின் மில்லர் 1950-களில் ஓர் ஏற்பாடு செய்தார்: ஊரில் பள்ளிக்கூடம் கட்ட நல்ல கட்டடக் கலைஞரை அழைத்தால், அவருக்கான கட்டணத்தைக் கம்மின்ஸ் அறக்கட்டளை கொடுத்துவிடும். தீயணைப்பு நிலையம், பிற பொதுக் கட்டடங்கள் என்று அது விரிந்தது. நல்ல பொறியாளர்கள் இந்த ஊருக்குக் குடிவர வேண்டுமென்றால் அவர்கள் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது. நேர்மையான கணக்கு. நூலகம் ஐ.எம். பெய் கட்டியது, வாசலில் ஹென்றி மூரின் வளைவு. எதிரே இருக்கும் தேவாலயம் ஈரோவின் தகப்பனார் எலியல் சாரினென் 1942-இல் கட்டியது.

1983-இல் கம்மின்ஸ் தன் தலைமை அலுவலகத்தைக் கட்டியபோது, மற்ற பெரிய நிறுவனங்கள் போல ஊருக்கு வெளியே நூற்றுக்கணக்கான ஏக்கர் வாங்கவில்லை. ஊர் நடுவிலேயே கட்டச் சொன்னார்கள். கட்டியவர் கெவின் ரோச். ஃபோர்டு, ஹோம்டெல், மோலின் எல்லாம் தாண்டி வந்த ரோச். உயரம் இல்லை, தாழ்வான கட்டடம். பிளானைப் பார்த்தால் ரம்பப் பல் மாதிரி மடிந்து மடிந்து போகிறது, அதனால் வெளிச்சம் படும் ஓரம் அதிகம். அந்த இடத்தில் இருந்த பழைய செங்கல் ஆலையை இடிக்காமல், புதுக் கட்டடத்தை அதைச் சுற்றி வளைத்து, ஆலையைக் கேன்டீன் ஆக்கிவிட்டார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கட்டடத்தில்தான் ஊழியர்களுக்குச் சாப்பாடு.

இன்று சனிக்கிழமை, அலுவலகம் கிடையாது. ஆனால் தெருவோரமாக ஓடும் கான்கிரீட் பந்தலுக்கு விடுமுறை இல்லை. வரிசையாகத் தூண்கள், மேலே சட்டங்கள், அவற்றில் கொடி படர்ந்து இலை சிவக்கத் தொடங்கியிருந்தது. அதன் நிழலில் ஒரு தம்பதி தள்ளுவண்டியில் குழந்தையோடு போனார்கள், இரண்டு பையன்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார்கள். அவர்களுக்கு இது ஒரு தலைமை அலுவலகத்தின் இடமா, நகராட்சியின் இடமா என்ற யோசனையே இல்லை. வேலைநாளில் ஊழியரும் இந்தப் பந்தலின் கீழேதான் நடந்து ஊருக்குள் போய்ச் சாப்பிட்டு வரமுடியும். மோலினில் எனக்கு உறுத்தியது இங்கே தீர்ந்திருந்தது.

1900-இல் தொடங்கிய ஸஹராகோஸ் ஐஸ்கிரீம் கடையில் உட்கார்ந்து சென்னைப் பிளானைத் திறந்தேன். மூன்று இடங்களில் கை வைக்கப்போகிறேன். பேஸ்மென்ட் பார்க்கிங்கிலிருந்து வரும் லிஃப்ட் எல்லாம் தரைத்தளத்தோடு நிற்கும். அங்கே இறங்கி, காப்பியும் சாப்பாடும் இருக்கும் கூடத்தைக் கடந்து, அகலமான படிக்கட்டிலோ வேறு லிஃப்டிலோதான் மேலே ஏற வேண்டும். நடக்க முடியாதவர்களுக்காக ஒரே ஒரு லிஃப்ட் மட்டும் நேராகப் போகும், அதுவும் அதே கூடத்தில் கண்ணாடிக் கதவோடு. மாடி நடைபாதையில் படிக்கட்டை ஒட்டி ஒன்பது அடி அகலம் கேட்கப்போகிறேன், அதற்கு ஈடாகக் கலர் சோபா மூலைகளை மொத்தமாக எடுத்துவிடலாம். மேசை ஓரங்களில் கதவுள்ள சின்ன அறைகள், தனியாக உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு.

மூன்றாவதுதான் கஷ்டம். மனையின் சாலையோர முனையில் மதில் கட்டி, செக்யூரிட்டி அறை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மதிலை இருபது அடி உள்ளே தள்ளி, வெளியே நிழலும் திண்ணையும் போட்டு, ஏற்கெனவே அங்கே இருக்கும் டீக்கடைக்காரருக்கு வாடகை இல்லாமல் ஒரு கடையைக் கொடுத்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். பாதுகாப்புப் பிரிவு ஒத்துக்கொள்ளாது. செலவுக் கணக்கையும் கம்மின்ஸ் பந்தலின் படங்களையும் சேர்த்து இன்றிரவே அனுப்பிவிடுகிறேன். திங்கட்கிழமை கூட்டத்தில் அவர்கள் இதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.